கணினிக்குள்ளே – 17: தன்னைப் பிரதியெடுக்கும் மென்பொருள்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கிளப்பிவிட வேண்டும். லினக்ஸில் அது வழக்கமாக நடக்கும் விதம், முதன்முதலாகக் கேட்பவருக்கு வீண்வேலையாகத்தான் தோன்றும். அழைக்கும் மென்பொருள் முதலில் தன்னையே அச்சு அசலாகப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரதி, தன் நினைவகத்தில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புது மென்பொருளாக மாறிவிடுகிறது. முதல் படிக்குப் பெயர் ‘ஃபோர்க்’, இரண்டாவதற்கு ‘எக்ஸெக்’. துடைக்கப்போவதை எதற்குப் பிரதி எடுக்க வேண்டும்?

கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், பிடிபி-7 என்ற சிறிய கணினியில், லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் இரண்டு டெர்மினல்கள். டெர்மினலுக்கு ஒரு புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல், கேட்ட புரோகிராமைத் தன் இடத்திலேயே ஏற்றிவிட்டு மறைந்துவிடும். அது முடிந்ததும் ஷெல்லை மறுபடி வட்டிலிருந்து ஏற்றியாக வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கணினியில் இருந்த ஃபோர்க்கைத் தாம்சன் அறிந்திருந்தார். ஒரு புரோசஸை நினைவகத்திலிருந்து வட்டுக்கு நகர்த்தும் வசதி யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கொண்டே பிரதியும் எடுத்தார்கள். ஃபோர்க்குக்கு அசெம்பிளி மொழியில் 27 வரிகள் போதுமாக இருந்தன. புரோகிராமை ஏற்றும் வேலை ஷெல்லுக்கு முன்பே தெரியும். இரண்டு படிகளாகப் பிரிந்தது இப்படித்தான்.

கையோடு ஒரு சிக்கலும் வந்தது. டைரக்டரி மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பிடிபட்டது: கட்டளை சரியாகவே ஓடியிருக்கிறது, ஆனால் அது மாற்றியது பிரதியின் டைரக்டரியை. வேலை முடிந்ததும் பிரதி அழிந்துபோக, ஷெல் பழைய இடத்திலேயே நின்றது. ரிச்சியே இதைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வடிவமைப்பில் என்னைக் கவர்ந்தது, பிரதி பிறந்ததற்கும் உருமாறுவதற்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி. அப்போது ஓடுவது நம்முடைய நிரல்தான். திரைக்குப் போக வேண்டிய வெளியீட்டை அங்கேயே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம். பிறகு வரும் புரோகிராமில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸில் அந்த இடைவெளி இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதால் அங்கே ‘கிரியேட் புரோசஸ்’ 10 அளவுருக்களைக் கேட்கிறது. ஃபோர்க்கின் காலம் முடிந்துவிட்டது, கைவிடுங்கள் என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு கட்டுரையே எழுதியது. இன்றைய பெரிய மென்பொருள்களைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 27 வரியில் இவ்வளவு சுதந்திரம் தந்த வேறொன்றை நான் கண்டதில்லை.

டைரக்டரி மாற்றும் வேலையை அன்று முதல் ஷெல் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, ‘டைப்’ கட்டளையோடு, டைரக்டரி மாற்றும் கட்டளையான ‘சிடி’யைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்று பதில் வரும்.