சுவருக்குப் பலகை பதிக்கலாம், கடன் வேண்டாம்!

1972-இல் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடியேறினார்கள். அந்த உறவுக்காரர் வீடுகளில் சுவருக்குப் பலகை பதித்திருப்பதைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கும் போட்டா என்ன?" என்று கேட்கிறார்கள் நம்மவர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் கணக்குப் பார்த்துப் போட வேண்டும்.

பிளைவுட் பலகை ஒன்று 8 அடி நீளம், 4 அடி அகலம். 12 அடிச் சுவரை 8 அடி உயரத்துக்கு மூட 3 பலகை வேண்டும். அதையே குறுக்கே பாதியாக அறுத்து, 4 அடி உயரத்துக்கு மட்டும் பதித்து, மேலே சாயம் பூசினால் ஒன்றரைப் பலகை போதும். மிச்சத்தில் இன்னொரு சுவரும் முடிந்துவிடும்.

ஈரம் ஊறும் சுவரில் பலகை பதிக்கவே கூடாது. முதலில் ஒழுகலை அடையுங்கள். ஈரத்தை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கரையானும் வரும். பலகை தரையைத் தொடாமல் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். வீடு கழுவும் தண்ணீர் ஏறாது.

இன்னொன்று முக்கியம். தோட்ட வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும். வாடகை வீடும் நிரந்தரமில்லை. பசை போட்டு ஒட்டினால் பலகை சுவரோடு நின்றுவிடும். ஆகவே ஆபீசிலோ வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மரச்சட்டம் வைத்து, அதன்மேல் பலகையைத் திருகாணியால் முடுக்குங்கள். நாளைக்கு வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம்.

வட்டிக்கு வாங்கி அழகு பார்க்க வேண்டாம். சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு பலகை வாங்கி வையுங்கள். மூன்றாம் மாதம் வேலையைத் தொடங்கிவிடலாம்.