தரைக்கும் ஒரு கோப்பு

தில்லியில் தமிழ்நாடு இல்லத்தின் முகவரியாக நாம் நெடுங்காலம் அறிந்த சாலை, சாணக்யபுரியின் கௌடில்ய மார்க். பகுதிக்கும் சாலைக்கும் பெயர் தந்தவர் ஒருவரே. அவர் இயற்றியதாகக் கருதப்படும் அர்த்தசாஸ்திரம் வீடு விற்பதற்கும் ஒரு முறை வகுத்துள்ளது. அண்டை வீட்டார் முன்னிலையில் எல்லைகளை உள்ளபடி சொல்லி, விலையை மூன்று முறை கூவி அறிவித்து விற்க வேண்டும் என்பது அது. வீட்டின் உள்ளே பாவிய தரையைப் பற்றி அக்காலத்தில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்றோ வாங்க வருபவரும் கேட்கிறார், வருமான வரி அதிகாரியும் கேட்கிறார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த தில்லி வீடுகளில் மொசைக் தரை பெருவழக்காக இருந்தது. மால்ச்சா மார்க் பக்கத்துப் பழைய வீடொன்றில் அதைப் பெயர்த்தெடுத்து மக்ரானா பளிங்கு பதித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சில இலட்சம் செலவாகியிருக்கும். தில்லியின் கட்டட விதிகளில் தரை மாற்றுவது முன் அனுமதி வேண்டாத பணிகளுள் ஒன்று. வசதியான விதிதான். ஆனால் அதனாலேயே, நகராட்சியின் எந்தக் கோப்பிலும் அந்தத் தரை இடம்பெறுவதில்லை. வீட்டுக்காரரின் கையில் உள்ள ரசீதே அதற்குச் சான்று.

அந்த ரசீதின் மதிப்பு வீட்டை விற்கும்போது தெரியவரும். விற்பனையில் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கிடுகையில், வாங்கிய விலையோடு மேம்பாட்டுச் செலவையும் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. சொத்தில் கூடுதலாகவோ மாற்றமாகவோ செய்யப்பட்ட மூலதனச் செலவே மேம்பாடு எனப்படும். உடைந்த நான்கு ஓடுகளை மாற்றியது பழுதுபார்ப்பு. அது இதில் சேராது. வீடு முழுவதும் மொசைக்கை நீக்கிப் பளிங்கு பதித்ததை மேம்பாடு என வாதிட இடமுண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள செலவுகளில்தான் சச்சரவு எழும். எந்த அறையில் எத்தனை சதுர அடி, பழைய தரை அகற்றப்பட்டதா என்ற விவரங்கள் ரசீதில் இருந்தால் வாதம் வலுப்பெறும். 'டைல்ஸ் வேலை' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு அதிகம் உதவாது.

ஓர் எடுத்துக்காட்டு. 2010-11ஆம் நிதியாண்டில் தரைக்கு ரூ.4,00,000 செலவிட்டவர், 2025-26இல் வீட்டை விற்கிறார். விலைவாசிக் குறியீட்டெண் முன்னதற்கு 167, பின்னதற்கு 376. குறியீட்டின்படி அந்தச் செலவு சுமார் ரூ.9,00,600 ஆக உயர்கிறது. 20 விழுக்காட்டு வரி முறையில் இதனால் மிச்சமாவது ஏறத்தாழ ரூ.1,80,000. குறியீடு இல்லாத 12.5 விழுக்காட்டு முறையில் மிச்சம் ரூ.50,000. செஸ் முதலியவை தனி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடாயின், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரு முறைகளிலும் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, வரி குறைவாக வரும் முறையின் பயனைப் பெறலாம். வெளிநாட்டில் வசிப்போருக்கு அந்தத் தெரிவு இல்லை; ஆயினும் செலவைக் கழிக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பெற்றோரிடமிருந்து வந்த வீடாயின், அவர்கள் செய்த மேம்பாட்டுச் செலவும் விற்கும் பிள்ளைகளின் கணக்கில் சேரும். தந்தையார் பெயரில் உள்ள பளிங்குக் கடை ரசீதை, அவர் காலமானபின் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது! ஒரு வரம்பு மட்டும் உண்டு. 2001 ஏப்ரல் 1க்கு முன் செய்த மேம்பாட்டைத் தனியே கழிக்க இயலாது. அதற்குமுன் வாங்கிய வீட்டுக்கு அந்நாளைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம் என்பதால், பழைய தரையின் மதிப்பும் அதில் அடங்கிவிடுகிறது.

கூலியையும் கல்லின் விலையையும் வங்கி வழியே செலுத்துவது நலம். மேஸ்திரிகள் பெரும்பாலும் ரொக்கமே கேட்பார்கள். அப்போது கையொப்பமிட்ட செலவுச்சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கில் எல்லாம் இருக்கும் என்று வாளாவிருப்பதும் சரியன்று. பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கிகள் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். தரையோ இருபது முப்பது ஆண்டு உழைக்கும். எனவே பணம் செலுத்திய மாதத்தின் கணக்கறிக்கையை அப்போதே பெற்று ரசீதோடு சேர்த்து வைத்துவிடலாம். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

வாங்க வருபவர் கேட்பது வேறு. குளியலறைத் தரைக்கடியில் நீர்க்கசிவுத் தடுப்பு செய்யப்பட்டதா, எப்போது, எந்தப் பொருளால் என்றே அவர் அறிய விரும்புவார். தரை பாவியபின் கண்ணால் காண முடியாதது அது. பணி நடக்கும்போது எடுத்த தேதியிட்ட நான்கு புகைப்படங்கள் விற்பவரின் வாய்மொழியைவிட அதிகம் பேசும். குழாய்கள் தரைக்கடியில் செல்லும் வழியும் அவற்றில் பதிந்திருந்தால், பின்னாளில் துளையிடுபவர் வாழ்த்துவார்.

ஓட்டுப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் நிற எண்ணையும் தொகுதி எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். ஒரே பெயருள்ள ஓடானாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும். சில ஆண்டுகளில் அந்த வகையே சந்தையில் கிடைக்காமல் போவதும் உண்டு. மீந்த ஒரு பெட்டியைப் பரணில் வைத்திருப்பவர், சாவியோடு அதையும் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். ரசீதுகளின் மூலப் பிரதிகளை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுத்தால் போதும். அந்த ஆண்டின் வரிக் கணக்கு இன்னும் தாக்கல் செய்யப்படவில்லையே.