அண்ணனா, தம்பியா?

மாட்டுச் சந்தைக்குப் போகும் புதியவன் கொம்பைப் பார்ப்பான். பழகியவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் புறப்படுகிறவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஜப்பானிய மாஸ்டா கம்பெனியின் 'எம்.எக்ஸ்-5' என்ற சின்னஞ்சிறு திறந்த கார் மீது ஒருவருக்கு ஆசை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சில வருஷத்துச் சேமிப்பு. எதிரே இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று, 1989-ல் வெளிவந்த முதல் தலைமுறை. மற்றொன்று, 1998-ல் விற்பனைக்கு வந்து 2005 வரை ஓடிய இரண்டாம் தலைமுறை. அண்ணனை வாங்குவதா, தம்பியை வாங்குவதா?

இந்தக் கார் பிறந்த விதமே ஒரு வேடிக்கை. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், 1979-ல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, "பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் போல எளிமையான, மலிவான திறந்த கார் ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்ற பொருளில் யோசனை கூறினார். பத்திரிகைக்காரன் சொல்லையும் கம்பெனிக்காரர்கள் காதில் போட்டுக்கொண்டார்கள் என்பதே ஓர் அதிசயம் அல்லவா! யோசனை கூறியவரையே பிறகு வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் கார் மேடையேறியது. அமெரிக்காவில் அதற்கு 'மியாட்டா' என்று பெயர். ஜப்பானில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்'.

தலைமை எஞ்சினியர் தோஷிஹிகோ ஹிராய் தம் ஆட்களுக்கு வைத்த லட்சியம் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் சவாரி செய்பவனும் ஓருடலாகிவிட வேண்டும் என்பது அதன் பொருள். அதற்காகவே எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சமமாக விழும்படி பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் 1,597 சி.சி.தான். சுமார் 115 குதிரைச் சக்தி. அது பிரமாதமான வேகம் ஒன்றும் தராது. ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. வளைவில் திருப்பினால் நினைத்த இடத்தில் நினைத்தபடி நிற்கும்.

அண்ணனின் பெரிய சொத்து அதன் கண்கள். பகலில் விளக்குகள் இமை மூடிப் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டியதும் தவளை விழிப்பதுபோல் இரண்டும் மேலே எழுந்து நிற்கும். இந்தக் காட்சியைக் கண்டு மயங்காதவர் அபூர்வம். தம்பிக்கு இந்த மாயம் கிடையாது. அதன் விளக்குகள் சாதாரணக் கார்களைப்போல் கண்ணாடிக்குள் பதிந்திருப்பவை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அண்ணனுக்கு ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் மிகையாகாது.

விளக்கை மறந்துவிட்டுப் பார்த்தால் தம்பி எல்லாவற்றிலும் ஒரு படி மேல். உடல் கட்டு இன்னும் விறைப்பானது. மேடு பள்ளத்தில் குலுங்கல் குறைவு. அண்ணனின் கான்வாஸ் கூரையில் பின்ஜன்னல் வெறும் பிளாஸ்டிக். வெயில் பட்டு மங்கும், மடக்கி மடக்கி வெடிக்கும். தம்பிக்கோ அசல் கண்ணாடி. குளிரில் பனி படியாமலிருக்கச் சூடாக்கும் கம்பியும் அதில் உண்டு. 1.8 லிட்டர் எஞ்சின் சுமார் 140 குதிரைச் சக்தி தரும். 2001-ல் செய்த மாறுதல்களுக்குப் பிறகு, வால்வு திறக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் அந்த எஞ்சினில் சேர்ந்தது. அண்ணனுக்கும் 1993-ல் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது உண்மையே. என்றாலும், தினம் ஆபீசுக்குப் போய்வரத் தம்பிதான் சுகம்.

அப்படியானால் தம்பியையே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலை இனிமேல்தான்.

1989-லிருந்து 1991 வரை வந்த சில அண்ணன் கார்களின் எஞ்சினில் ஒரு கோளாறு உண்டு. கிராங்க் ஷாப்டின் முன்மூக்கு குட்டை. அங்கே முறுக்கியிருக்கும் போல்டு தளர்ந்தால், புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவி ஆட்டம் கண்டு, ஷாப்டையே தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. முன்புறப் புல்லியில் எத்தனை வெட்டுக்கள் இருக்கின்றன என்று எண்ணினால் போதும். நான்கு இருந்தால் குட்டை மூக்கு; எட்டு இருந்தால் பிற்பாடு திருத்தப்பட்ட நீள மூக்கு. நான்கு இருந்தாலும் புல்லி ஆடாமல் சுழல்கிறதென்றால் பயந்து ஓட வேண்டாம். விலையில் குறைத்துக் கேட்கலாம்.

தம்பியும் யோக்கியன் என்று சொல்லிவிட முடியாது. 1999, 2000 வாக்கில் வந்த சில 1.8 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாப்டை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் பேரிங் தேய்ந்துபோவது உண்டு. எஞ்சின் ஓடும்போது ஒருவர் கிளச்சை அழுத்தட்டும். மற்றவர் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே மேல்.

இவையெல்லாம் எஞ்சின் சமாசாரம், எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத எதிரி துரு. பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டும் ஊர்களில் அது காரைக் கீழிருந்து அரிக்கிறது. பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள கதவடிப் பகுதியில் இரு தலைமுறைகளையுமே அது பிடிக்கும். பிரிட்டனில் ஓடிய தம்பிக்கோ இன்னொரு வியாதியும் உண்டு. முன்பக்கச் சட்டத்தின் கால்கள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மேலே பெயிண்டு பளபளவென்றிருக்கும். கீழே படுத்துத் தட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அதே கார் கலிபோர்னியா வெயிலில் இருபது வருஷம் கழித்திருந்தால் தகடு புதிதுபோல் இருக்கும். ஸீட்டும் டாஷ்போர்டும்தான் வெடித்திருக்கும். ஸீட்டைத் தைத்துக்கொள்ளலாம், உளுத்த சட்டத்துக்கு வெல்டிங் கூலி காரின் விலையையே எட்டிவிடும்.

ஆகவே, எந்த வருஷத்துக் கார் என்பதைவிட எந்த ஊரில் வாழ்ந்த கார் என்று கேட்பதே புத்திசாலித்தனம். பிரிட்டனில் மூன்று வயது கடந்த கார் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் 'எம்.ஓ.டி.' பரிசோதனைக்குப் போகிறது. நம்பர் பிளேட்டிலுள்ள எண்ணைக் கொடுத்தால் பழைய பரிசோதனை முடிவுகளை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். விற்பவர் மறைக்கும் துருவைச் சில சமயம் அந்தக் காகிதம் சொல்லிவிடும்.

வீட்டில் வேறு கார் இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆசைக்கு ஓட்டுகிறவர் அண்ணனையே தேடட்டும். உதிரிப் பாகங்களுக்கும் அவர் கவலைப்பட வேண்டியதில்லை. முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்டாவே 2017-ல் ஜப்பானில் அறிவித்து, கான்வாஸ் கூரை முதல் அந்தக் காலத்து அளவு டயர் வரை மறுபடி செய்து கொடுக்க ஏற்பாடு செய்தது. ஒரே காராக வைத்துக்கொள்ள வேண்டியவருக்கு 2001-க்குப் பிந்திய தம்பி உத்தமம். கையிருப்புப் பணம் முழுவதையும் காரிலேயே போட்டுவிடாமல், டைமிங் பெல்ட், டயர், கூரை ஆகியவற்றுக்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதற்கும் அதில் இடமுண்டு; பொதுவாக அண்ணனைவிட அது மலிவு.

புதிதாகப் பெயிண்டு அடித்த சிவப்பு அண்ணன் ஒருபுறம். நிறம் மங்கிய, ஆனால் முதல் நாளிலிருந்து பழுது பார்த்த ரசீதுகள் ஒரு கட்டு வைத்திருக்கும் தம்பி மறுபுறம். இப்படி அமைந்துவிட்டால் நான் ரசீதுக் கட்டின் பக்கமே நிற்பேன். தவளைக் கண் எவ்வளவுதான் சிமிட்டட்டுமே!

பேரம் தொடங்குமுன் விற்பவரிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். கூரையை மடக்கினால் ஸீட்டுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் மழைநீர் இறங்கும் துளைகள் தெரியும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவடித் தகட்டுக்குள் இறங்கித் தேங்குவது அங்கிருந்துதான். துளையில் மெதுவாக ஊற்றிவிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் கீழே கொட்டினால் பணப்பையைத் திறக்கலாம். உள்ளேயே நின்றுவிட்டால் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.