துப்பாக்கி தெரிந்தால் குற்றமா?

எல்லோரும் பார்க்கிற மாதிரி இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஒருவர் கடைத்தெருவில் நடந்து போனால் என்ன ஆகும்? நம்ம ஊரில் என்றால் கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்துவிடும். ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது குற்றமே இல்லை! ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சரி, எதிரே போலீஸ் வந்தால்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கலிபோர்னியாவில் ஓக்லாந்து என்று ஒரு நகரம். அங்கே 1966 அக்டோபரில் ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் 'கருஞ்சிறுத்தைகள்' கட்சியைத் தொடங்கினார்கள். போலீஸ் தங்கள் மக்களைக் காரணமில்லாமல் மறித்து அடிக்கிறது என்பது அவர்களுடைய குறை. நியூட்டன் சட்ட வகுப்புக்குப் போனவர். குண்டு போட்ட துப்பாக்கியைக்கூட மறைக்காமல் தெருவில் எடுத்துப் போகலாம் என்று அன்றைய கலிபோர்னியா சட்டம் அனுமதித்தது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போலீஸ் வண்டிக்குப் பின்னாலேயே காரில் போனார்கள். போலீஸ் யாரையாவது நிறுத்தினால், இவர்களும் இறங்கி, சட்டம் சொல்கிற தூரத்தில் துப்பாக்கியோடு நின்றார்கள். மாட்டிக்கொண்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சத்தமாக எடுத்துச் சொன்னார்கள். காரில் சட்டப் புத்தகமும் இருக்கும்!

போலீசுக்கு இது பிடிக்குமா? இதைத் தடுக்க டான் மல்ஃபோர்டு என்ற உறுப்பினர் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2 அன்று சுமார் 30 பேர், பாபி சீல் தலைமையில், துப்பாக்கிகளோடு சாக்ரமென்டோவில் உள்ள சட்டமன்றத்துக்கே போய்விட்டார்கள். அப்போது வெளியே புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகளைச் சந்திக்க ஆளுநர் வந்திருந்தார். யார் அந்த ஆளுநர்? பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன்தான்! ஜூலை மாதமே அவர் மசோதாவில் கையெழுத்துப் போட்டார். குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடத் தடை வந்தது. துப்பாக்கி உரிமைக்காகப் பெரிய குரல் கொடுக்கிற தேசிய ரைபிள் சங்கமும் அன்று இந்தத் தடையை ஆதரித்தது என்பதுதான் வேடிக்கை. அத்தனை வருஷம் யாருக்கும் உறுத்தாத உரிமை, கறுப்பு இளைஞர்கள் பயன்படுத்தியதும் உறுத்திவிட்டது போலும்.

இப்போது ஒஹையோ மாநிலத்துக்கு வருவோம். பெரியவர்கள் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்டம். 2010-இல் டொலீடோ நகரத்தில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு, குடும்பத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனார். யாரோ போன் செய்ய, போலீஸ் வந்து துப்பாக்கியைப் பிடுங்கி விலங்கு மாட்டியது. அவர் வழக்குப் போட்டார். சட்டம் அனுமதிக்கிற இடத்தில் துப்பாக்கி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது வர ஐந்து வருஷம் ஆனது. தெருவில் போலீசுக்கும் எதிரே நிற்பவருக்கும் அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது?

அதே ஒஹையோவில், கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், 2014 நவம்பர் 22 அன்று 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் குண்டு சுடுகிற பொம்மை. பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும். பொம்மை என்று காட்டுகிற ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. பார்த்த ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். அநேகமாக அது பொம்மையாக இருக்கும், அவன் சின்னப் பையனாக இருப்பான் என்றும் சொன்னார். வண்டியில் வந்த போலீஸ்காரர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவே இல்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் ஒரு போலீஸ்காரர் சுட்டுவிட்டார். மறுநாள் அந்தப் பையன் இறந்துபோனான்.