அடைபட்ட காற்றின் இரைச்சல்

கல்முனைக்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊரை ஊடறுத்துப் போகிறது ஏ4 நெடுஞ்சாலை. கொழும்பில் புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி வந்து, அக்கரைப்பற்றைக் கடந்து, இவ்வூர் வழியே மட்டக்களப்பைச் சேரும் வீதி அது. சுபஹ் பாங்குக்கு முந்திய அமைதியில் கடற்கரைப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் இரண்டு இரைச்சல்கள் காதில் விழும். கிழக்கிலிருந்து அலை, மேற்கிலிருந்து வாகனங்களின் டயர். காற்று வாக்கில் சில நேரம் எது அலை, எது டயர் என்று பிரித்தறிவதே கடினம்.

அந்த மயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அலை உடையும்போது தண்ணீர் காற்றை வாரி உள்ளே அடைக்கிறது. அடைபட்ட ஒவ்வொரு குமிழியும் சுருங்கி விரிந்து அதிர்கிறது. அந்த அதிர்வே ஒலி. எந்த அளவுக் குமிழி எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பதை மார்செல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933இல் கணக்கிட்டுக் காட்டினார். 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி விநாடிக்குச் சுமார் 1,100 தடவை அதிரும். காரின் டயர் வீதியில் உருளும்போது எழும் ஒலி உச்சம் தொடுவதும் விநாடிக்கு ஏறக்குறைய 1,000 அதிர்வுகளை ஒட்டிய அதே பகுதியில்தான். டயரும் காற்றைப் பிடிக்கிறது, அடைக்கிறது, விடுகிறது. ஆயிரக்கணக்கான சிறு நிகழ்வுகள் ஒழுங்கின்றிக் கலந்து ஒரே பேரிரைச்சலாகக் காதுக்கு வருவது இரண்டுக்கும் பொது.

வாகன இரைச்சல் என்றதும் நமக்கு எஞ்சின்தான் நினைவுக்கு வரும். பழைய லொறிக்கு அது சரி. இன்றைய காருக்கு அப்படியல்ல. மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிச் சீராக ஓடும் காரில் எஞ்சினை விட டயரே அதிகம் ஒலிக்கிறது. இதற்குச் சட்டமே சாட்சி. மின்சாரக் கார்கள் ஓசையில்லாமல் வந்து பாதசாரிகளை மோதிவிடக்கூடாது என்பதற்காக, ஐரோப்பாவில் அவற்றுக்குச் செயற்கை ஒலி எழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் மணிக்கு 20 கிலோமீட்டர் வரைதான் அது ஒலிக்க வேண்டும். அதற்கு மேல் டயரின் சத்தமே போதிய எச்சரிக்கை.

நம் பகுதியில் ஹைபிரிட் கார்கள் பெருகிய பிறகு இந்த உண்மை ஓட்டுபவரின் காதுக்கும் எட்டிவிட்டது. எஞ்சின் ஓய்ந்து மின்மோட்டரில் கார் நழுவும் அந்த நேரத்தில், முன்பு கேட்காத 'ஊம்' என்ற முழக்கம் தரைக்குக் கீழிருந்து கிளம்பி வருகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டுகளில் உள்ள வாகனத்தையே வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. டயரும், சொக் எப்சோபரும், கதவு ரப்பர்களும் சேர்ந்தே மூப்படைந்தன.

இந்த இரைச்சல் எங்கெங்கே பிறக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, தட்டல். டயரின் மேற்பரப்பு சிறு சிறு ரப்பர் கட்டைகளாக வெட்டப்பட்டிருக்கிறது. 195/65 R15 என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும் டயரை எடுத்துக்கொள்வோம். 195 அதன் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 20 மீட்டர். ஆகவே டயர் விநாடிக்குப் பத்துத் தடவை சுற்றுகிறது. ஒரு சுற்றில் 60 கட்டைகள் இருந்தால் விநாடிக்கு 600 தட்டல்கள். எல்லாக் கட்டைகளும் ஒரே நீளமாக இருந்தால் அந்த 600 தட்டல்களும் ஒரே சுருதியில் சேர்ந்து சங்கு ஊதுவது போலாகிவிடும். அதனால் டயரை வடிவமைப்பவர்கள் கட்டைகளின் நீளத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் அடுக்குகிறார்கள். டயரைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தால், அடுத்தடுத்த கட்டைகள் ஒரே அளவில் இல்லாததைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது, காற்று. கட்டை தரையில் அழுந்தும்போது இடைவெளியிலுள்ள காற்று பிதுங்கி வெளியேறுகிறது. கட்டை எழும்பும்போது வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. நீளவாக்கில் ஓடும் காடிகள் தரையோடு ஒட்டுமிடத்தில் இரு முனையும் திறந்த குழாய்களாகின்றன. அந்த ஒட்டுமிடத்தின் நீளம் பொதுவாக 12 முதல் 15 சென்டிமீட்டர். அந்த நீளக் குழாய் ஒலிப்பது 1,100 முதல் 1,400 அதிர்வு வரை. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இதன் சுருதி மாறாது, உரப்பு மட்டுமே மாறும்.

மூன்றாவது, பெருக்கம். உருண்டையான டயர் தட்டையான தரையைத் தொடுமிடத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி விரிகிறது. பள்ளிவாசல் மினாராவில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியின் புனல் செய்யும் வேலையை இந்த இடைவெளி செய்கிறது: சிறிய இடத்தில் பிறந்த ஒலியை அகல விரித்து வெளியே தள்ளுகிறது. இதனால் மட்டும் 10 டெசிபலுக்கு மேல் கூடலாம். காதுக்கு அது இரு மடங்கு சத்தம்.

நான்காவது, டயருக்குள்ளேயே அடைபட்ட காற்று. ரிம்முக்கும் ரப்பருக்கும் இடையில் வளையமாக நிற்கும் அந்தக் காற்றுக்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. நாம் எடுத்த டயரில் அந்த வளையத்தின் நடுச் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். ஒலியின் வேகத்தை அதனால் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 220 அதிர்வுகள் வரும். வீதியில் ஒரு பள்ளத்தில் அல்லது பாலத்தின் பொருத்தில் சக்கரம் விழும்போது 'டொம்' என்று ஒலித்து அடங்குகிறதே, அது இதுதான். இந்த ஒலி காற்று வழியாக வருவதில்லை. ரிம், அச்சு, சட்டகம் என்று இரும்பு வழியே ஏறி வருகிறது. கண்ணாடியை ஏற்றினாலும் கதவை இறுக்கினாலும் அது குறையாததற்குக் காரணம் அதுவே.

இனி, சில டயர்கள் மட்டும் ஏன் இவ்வளவு இரைகின்றன என்ற கேள்விக்கு வரலாம். 'பெர்ஃபோமன்ஸ் ஓல் சீசன்' என்று விற்கப்படும் டயர் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்வது. வேகமாக ஓடவும் வளைவில் உறுதியாக நிற்கவும் அது அகலமாகவும், பக்கச் சுவர் தாழ்ந்து விறைப்பாகவும் இருக்க வேண்டும். அகலம் கூடினால் அடைபடும் காற்றும் கூடும். சுவர் விறைத்தால் தரையின் அதிர்வு தணியாமல் ரிம்முக்கு ஏறும். இலேசான பனியிலும் ஓட வேண்டுமென்பதால் அதே டயரில் கட்டைகளும் நுண்கீறல்களும் கூடுதலாக வெட்டப்படுகின்றன. விளிம்புகள் கூடக் கூடத் தட்டல்களும் கூடும். பக்கவாட்டில் எம்+எஸ் என்ற முத்திரை இருந்தால், அந்த எழுத்துகள் குறிப்பது சேற்றையும் பனியையும்.

நம் கரையில் பருவம் என்பது வேறு. ஆண்டின் நடுவில் கச்சான் காற்று அனல் வீசும். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு மாரி கொட்டும். நமக்கு வேண்டியது சூட்டைத் தாங்கும் ரப்பரும், மாரியில் தேங்கும் நீரை விரைந்து வெளியேற்றும் காடிகளும். பனிக்கென்று வெட்டிய கீறல்களுக்கு இங்கே வேலை குறைவு. ஆகவே சத்தம் பொறுக்காதவர், நடு வரி தொடர்ச்சியாக ஓடும், கட்டைகள் சிறிதான, சாதாரண அகலமுள்ள டயரைக் கேட்டு வாங்குவதே அறிவு. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. காடிகள் சத்தத்துக்குக் காரணம் என்றாலும், மழையில் டயர் தண்ணீரின் மேல் வழுக்கி மிதக்காமல் காப்பவையும் அவையே. காடி தேய்ந்து மழுங்கிய டயரை, சத்தம் குறைவென்று வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

டயர் பாதி, வீதி பாதி. புதிதாகப் போட்ட காபட் வீதியில் சிறு கற்கள் தாரோடு கலந்து உருளையால் சமப்படுத்தப்பட்டிருக்கும். டயர் அதன்மேல் சாந்தமாகப் போகும். தாரைத் தெளித்து மேலே கல்லைத் தூவிய பழைய வீதியில் ஒவ்வொரு கல்லும் மேல்நோக்கித் துருத்தி ரப்பரை அடிக்கும். இன்டர்லொக் கல் பதித்த ஒழுங்கைகளிலோ ஒவ்வொரு பொருத்தும் ஒரு தட்டல். டயரும் வேகமும் மாறாமல் வீதி மட்டும் மாறினாலே பல டெசிபல் வேறுபடும். நெதர்லாந்தின் பெருஞ்சாலைகளில் பெரும்பகுதிக்கு நுண்துளைத் தார் போட்டிருக்கிறார்கள். அடைபடும் காற்று துளைகளுக்குள் நழுவிவிடுவதால் இரைச்சல் பிறக்கும்போதே தணிகிறது. கடல் மணல் காற்றில் பறந்து வந்து படியும் நம் வீதிகளில் அத்துளைகள் விரைவில் அடைபடும். அடிக்கடி கழுவ வேண்டிவரும்.

ஓடிப் பழகிய டயர் திடீரென்று உறுமத் தொடங்கினால் பணம் செலவழிக்க முன் கையால் தடவிப் பாருங்கள். காரை நிழலில் நிறுத்தி, உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை இழுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் வாள்பல் போலக் கையை அராவுவதாகவும் இருந்தால், கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கலாம், அல்லது டயர்களை நெடுநாள் இடம் மாற்றிப் பூட்டாமல் விட்டிருக்கலாம். மேற்பரப்பு அங்கங்கே குழி விழுந்து அலையலையாக இருந்தால் சொக் எப்சோபரைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த உறுமலைக் கேட்டுப் பெயாரிங் போய்விட்டதென்று கழற்றி மாற்றுவது பல கராஜ்களில் நடக்கிறது. வேறுபாட்டை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நல்ல காபட்டிலிருந்து கரடுமுரடான வீதிக்கு ஏறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர். வீதி எப்படியிருந்தாலும் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் அது பெயாரிங்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் கிடந்து முதிர்ந்த ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் கூடுதலாக ஒலிக்கும், மழையில் பிடியும் குறையும். காற்றமுக்கத்தை, கார் ஓடிச் சூடாகுமுன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை முன்பின் மாற்றிப் பூட்டுங்கள். கூடவே வீல் எலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள். கதவுக்குள்ளும் தரையிலும் ஒலியடக்கும் தகடு ஒட்டுவது இவையெல்லாம் முடிந்த பிறகு. அது மேல்சுருதி இரைச்சலைக் குறைக்கும். இரும்பு வழியே வரும் 220 அதிர்வு முழக்கத்துக்கு அதனால் பெரும் பயனில்லை. அந்த முழக்கத்துக்கென்றே மிஷெலின், கொன்டினென்டல், பிரெல்லி போன்ற நிறுவனங்கள் டயரின் உட்புறத்தில் நுரைப்பஞ்சு ஒட்டி விற்கின்றன. பஞ்சர் ஒட்டும்போது உள்ளேயிருந்து அந்த நுரையை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்பதையும் அறிந்து வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னது காருக்குள் இருப்பவரின் காதைப் பற்றி. டயரின் சத்தத்துக்கு இன்னொரு கேட்பவரும் உண்டு. ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் ஒவ்வொரு புதிய டயரிலும் ஒட்டப்படும் அடையாளச் சீட்டில் டெசிபல் எண் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் காருக்குள் கேட்கும் அளவென்று எண்ணுகிறார்கள். உண்மையில், எஞ்சினை நிறுத்தி மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் தானாக உருளும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த கருவி கேட்ட அளவு அது. அதாவது வீதியோரத்தில் இருப்பவருக்காக எழுதப்பட்ட எண்.

ஏ4இன் ஓரத்தில் அந்த 7.5 மீட்டருக்குள் எத்தனையோ வீடுகள், கடைகள், வகுப்பறைகள், நோயாளர் படுக்கைகள். வீதியோடு ஒட்டாத வீடுகளும் தப்பவில்லை. இரவில் தரை குளிர்ந்ததும் மேலே இளஞ்சூடான காற்று நின்று ஒலியைக் கீழ்நோக்கி வளைக்கிறது. தரையிலிருந்து கடலுக்கு வீசும் இராக்காற்று வீதியின் இரைச்சலைக் கடலோரத்து வீடுகள் வரை சுமந்து போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, இரவில் வாகன இரைச்சல் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. தூக்கம் கெடுவதே அதன் காரணம்.

ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1845இல். காற்றடைத்த டயரால் பெயர்பெற்ற டன்லொப்புக்கு 43 ஆண்டுகள் முந்தியவர் அவர். வண்டியை இழுக்கும் சுமை குறைய வேண்டும், பயணம் சொகுசாக வேண்டும், ஓடும் வண்டியின் சத்தம் தணிய வேண்டும் என்று தன் காப்புரிமையிலேயே மூன்று நோக்கங்களை எழுதிவைத்தார். முதல் இரண்டில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். மூன்றாவதில் நம் பங்கை ஒவ்வொருவரும் இன்றே செய்யலாம். ஊரின் எல்லையில் 70இலிருந்து சட்டம் சொல்லும் 50க்கு வேகத்தை இறக்கினால் டயர் இரைச்சல் 4 டெசிபலுக்கு மேல் குறைகிறது. வெளியேறும் ஒலியாற்றல் பாதிக்கும் கீழே போகிறது. அடுத்த டயர் வாங்கும்போது விலையையும் பிடியையும் கேட்பதோடு அந்தச் சீட்டிலுள்ள எண்ணையும் கேளுங்கள். வீதியோரத்தில் உறங்கும் பிள்ளைக்கு அந்த எண்ணைக் கேட்டு வாங்க வழியில்லை, ஓட்டுபவருக்கு இருக்கிறது.