தவணை உயருமா, காலம் நீளுமா? வீட்டுக் கடனைத் தேர்ந்தெடுக்கும் முன்

வீடு வாங்கக் கடன் கோரி வங்கிக் கிளைக்கு வருவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது, “வட்டி எவ்வளவு?” என்பதே. வினா நியாயமானதுதான். ஆனால் இன்றைய வட்டி விகிதம் இன்றைக்கு உரியது. வீட்டுக் கடனோ பதினைந்து, இருபது ஆண்டுகள் உடன் வருவது. ஆகவே அதனோடு இன்னொரு வினாவையும் சேர்த்தே கேட்க வேண்டும்: “வட்டி உயர்ந்தால் என் மாதத் தவணை கூடுமா, அல்லது கடன் காலம் நீளுமா?” எவ்வகைக் கடன் நமக்கு ஏற்றது என்பதற்கான விடை இந்த இரண்டாவது வினாவில்தான் அடங்கியிருக்கிறது.

மாறும் வட்டி இயங்கும் முறை

இந்தியாவில் வங்கிகள் வழங்கும் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டியில் அமைந்தவை. 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளிப்புற அளவுகோல் ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. பல வங்கிகள் இதற்கு ரெப்போ விகிதத்தையே எடுத்துக்கொள்கின்றன. ரெப்போ விகிதத்துடன் வங்கி தன் கூடுதல் விகிதத்தைச் சேர்ப்பதே உங்கள் வட்டி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் இது மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும். ரெப்போ குறைந்தால் அதன் பயன் விரைவில் உங்களை வந்தடையும். உயர்ந்தால் சுமையும் அவ்வாறே வந்து சேரும்.

அண்மைக் காலம் இதற்குச் சான்று. 2020 மே மாதத்தில் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்ட ரெப்போ விகிதம், 2022 மே முதல் படிப்படியாக உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அவ்வாண்டு ஜூனில் 5.50 சதவீதமாயிற்று.

ஒரு கணக்கு

38 வயதுள்ள ஒருவர் 30 இலட்சம் ரூபாயை 7 சதவீத மாறும் வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 23,259 ரூபாய். 58 வயதில், பணி ஓய்வுக்கு முன்பே கடன் தீர்ந்துவிடும் என்பது அவருடைய திட்டம்.

இரண்டு ஆண்டுகள் தவறாமல் தவணை செலுத்திய பின் எஞ்சும் அசல் சுமார் 28 இலட்சத்து 52 ஆயிரம் ரூபாய். அப்போது வட்டி 9.50 சதவீதமாகிவிடுகிறது. கணக்கின் எளிமைக்காக, இவ்வுயர்வு ஒரே நாளில் நிகழ்ந்ததாகக் கொள்வோம். அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, எஞ்சிய 18 ஆண்டுகளை மாற்றாமல் தவணையை உயர்த்துவது. தவணை சுமார் 27,606 ரூபாய் ஆகும். மாதந்தோறும் ஏறத்தாழ 4,350 ரூபாய் கூடுதல்.

இரண்டாம் வழி, தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டுவது. இதில் முதல் மாத வட்டியே 22,579 ரூபாய். அவர் செலுத்தும் 23,259 ரூபாயில் அசலுக்குச் செல்வது வெறும் 680 ரூபாய். வட்டி அந்நிலையிலேயே நீடித்தால் கடன் தீர ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகும். அப்போது அவருக்கு வயது 77.

நடைமுறையில் வங்கிகள் கடன் காலத்துக்கு வயது வரம்பு வைத்திருப்பதால் இவ்வளவு நீட்டிப்பு கிடைக்காது. எனவே தவணையின் ஒரு பகுதியேனும் உயர்ந்தே தீரும். எனினும், தவணை மாறவில்லை என்று நிம்மதி கொள்பவர் எதை விலையாகத் தருகிறார் என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது.

உங்களுக்குள்ள உரிமை

இதைக் கருதியே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மறுநிர்ணயத்தின்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் ஓரளவு இணைப்பதா எனத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி உங்களுக்கு அளிக்க வேண்டும். வங்கியின் கொள்கைக்கு உட்பட்டு நிலையான வட்டிக்கு மாறவும், கடனின் ஒரு பகுதியையோ முழுவதையோ முன்கூட்டியே செலுத்தவும் வாய்ப்பு உண்டு. செலுத்தும் தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும் நிலை ஏற்படக் கூடாது என்பதும் அதில் உள்ள நிபந்தனை. வங்கியிலிருந்து வரும் மறுநிர்ணய அறிவிப்பைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

நிலையான வட்டி, கலப்பு வட்டி

நிலையான வட்டிக் கடனில் தவணை மாறாது. மாத வருமானத்தில் சிறிதும் இடைவெளி இல்லாத குடும்பங்களுக்கு இது மன அமைதி தரும். ஆனால் இதன் வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சந்தையில் வட்டி குறைந்தாலும் பயன் கிடைக்காது. மேலும், ‘நிலையானது’ என்பது முழுக் காலத்துக்குமா, சில ஆண்டுகளுக்கு மட்டுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே செலுத்தினால் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டறிக. தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற விதி 2012 முதல் நடைமுறையில் உள்ளது.

கலப்பு வட்டிக் கடனில் முதல் சில ஆண்டுகள் நிலையான வட்டியும், அதன்பின் மாறும் வட்டியும் அமையும். புது வீட்டுச் செலவுகளும் குழந்தைகளின் பள்ளிச் செலவுகளும் ஒருசேர வரும் தொடக்க ஆண்டுகளைத் திட்டமிட்டுக் கடக்க இது உதவும்.

உபரிப் பணம் கைவசம் உள்ளவர்களுக்கு

சில வங்கிகள் வீட்டுக் கடனை மிகைப்பற்றுக் கணக்காகவும் வழங்குகின்றன. உபரிப் பணத்தை அக்கணக்கில் வைத்தால், அத்தொகைக்குரிய கடன் வட்டி கணக்கிடப்படாது. தேவைப்படும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். 8.50 சதவீத வட்டியில் 2 இலட்சம் ரூபாயை ஓராண்டு வைத்திருந்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 17,000 ரூபாய். வணிகர்களுக்கும், ஆண்டுக்கொருமுறை ஊக்கத்தொகை பெறுவோருக்கும் இது பொருந்தும். கணக்கில் உபரி தங்காதவர்களுக்கு இதனால் பயனில்லை. இதற்கான வட்டி சற்றுக் கூடுதலாக இருந்தால் இழப்பும் நேரலாம்.

முதலில் கையிருப்பு

எவ்வகைக் கடனாயினும் முழு விலையும் கடனாகக் கிடைக்காது. 30 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 இலட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதே உச்ச வரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேரா. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் இச்செலவைச் சொந்தச் சேமிப்பிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். சேமிப்பு முழுவதையும் முன்பணத்தில் கரைத்துவிட்டால், தவணை உயரும் நாளில் தாங்குவதற்கு ஒன்றும் எஞ்சாது. ஆறு மாதத் தவணைக்குரிய தொகையைத் தனியே வைத்துக்கொள்வது விவேகம்.

கையெழுத்திடும் முன்

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கையை உங்களுக்குப் புரியும் மொழியில் வங்கி அளிக்க வேண்டும். கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். இரு கடன்களை ஒப்பிடும்போது விளம்பரத்தில் உள்ள வட்டியைவிட இந்த விகிதத்தைப் பாருங்கள்.

பின்னர் வீட்டில் அமர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். இன்றைய வட்டியுடன் 2.50 சதவீதத்தைக் கூட்டி, வரும் தவணையைக் குடும்ப வரவு செலவில் வைத்துப் பாருங்கள். அதைத் தாங்க இயலுமெனில் மாறும் வட்டி உங்களுக்குப் பொருந்தும். இப்போது இயலாது, சில ஆண்டுகளில் வருமானம் உயரும் எனில் கலப்பு வட்டியை ஆராயலாம். எப்போதும் இயலாது எனில் நிலையான வட்டியையோ, சிறிய கடனையோ, சற்றுச் சிறிய வீட்டையோ எண்ணிப் பார்ப்பதே நலம்.

ஏற்கெனவே மாறும் வட்டியில் கடன் பெற்றிருப்போருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடன் பழைய அடிப்படை விகிதத்திலோ எம்.சி.எல்.ஆர். முறையிலோ தொடர்கிறதா எனக் கிளையில் கேட்டறியுங்கள். வெளிப்புற அளவுகோலுக்கு மாற வழி உண்டு. வட்டி குறையும் காலத்தில் தவணையைக் குறைக்காமல் பழையபடியே செலுத்தி வாருங்கள். மிகும் தொகை அசலைக் கரைக்கும். பணி ஓய்வு பெறும் நாளில் வீட்டுப் பத்திரம் உங்கள் கையில் இருக்கும்.