பட்டதாரிகள் வெளியே, காலியிடங்கள் உள்ளே: தடய அறிவியல் கல்வியின் முரண்பாடு

புதுதில்லி: தில்லி ரோகிணியில் இயங்கிவரும் லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் தேசிய குற்றவியல், தடய அறிவியல் நிறுவனம் 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, அதன் நோக்கம் பணியில் இருப்போருக்குப் பயிற்சி அளிப்பதுதான். காவல் அதிகாரிகள், அரசு வழக்கறிஞர்கள், நீதித்துறையினர், சிறைத்துறையினர் ஆகியோர் அங்கு சில வாரங்கள் தங்கிப் பாடம் கேட்டுத் திரும்புவார்கள். முதலில் வேலை, பிறகு படிப்பு என்பதே முறை. 2004-ஆம் ஆண்டு முதுநிலைப் பட்ட வகுப்புகள் அங்கு தொடங்கியதும் இந்த முறை தலைகீழானது. படித்து முடித்தவர்கள் கையில் பட்டத்துடன் வேலை தேடி வெளியே வந்தனர். குற்றவியல் நீதித் துறைக்கென்றே தயாரிக்கப்பட்ட இந்த இளைஞர்களை அந்தத் துறை எப்படி எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற கேள்வி அன்றுமுதல் இருந்துவருகிறது.

2024 ஜூலை 1 முதல் அது வெறும் வேலைவாய்ப்புக் கேள்வியாக இல்லை. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்கள் அனைத்திலும் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதை விடியோவில் பதிவு செய்வதும் கட்டாயம். இதை நடைமுறைப்படுத்தும் தேதியை ஐந்து ஆண்டுகளுக்குள் மாநில அரசுகள் அறிவிக்க வேண்டும். தன்னிடம் வசதி இல்லாத மாநிலம், அதுவரை வேறு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக் கொள்ளலாம். கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை என ஏழாண்டு வரம்புக்குள் வரும் வழக்குகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் நாள்தோறும் பதிவாகின்றன. அத்தனை இடங்களுக்கும் செல்ல நிபுணர்கள் எங்கே?

ஆய்வுக்கூடங்களுக்கு உள்ளேயே ஆள் இல்லை என்பதுதான் நிலைமை. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விவரம் தந்த அரசு தடய அறிவியல் ஆய்வுக்கூடங்களில் சுமார் 40 சதவீதப் பணியிடங்கள் காலியாக இருந்தன. ஒரு பக்கம் காலியிடம், மறுபக்கம் வேலையில்லாத தடய அறிவியல் பட்டதாரி. இது ஆள் பற்றாக்குறை அல்ல, விதிகளின் கோளாறு என்பதைத் துறையை அறிந்தவர்கள் மறுப்பதில்லை.

தடய அறிவியல் என்ற பாடமே கல்லூரிகளில் இல்லாத காலத்தில் எழுதப்பட்டவை பல மாநிலங்களின் பணி நியமன விதிகள். வேதியியல் பிரிவுக்கு வேதியியல் முதுநிலை, உயிரியல் பிரிவுக்கு விலங்கியல் அல்லது தாவரவியல் முதுநிலை என்று அவை கேட்கின்றன. தடய அறிவியல் பட்டம் ஏற்கப்படும் இடங்களிலும், இளநிலையில் குறிப்பிட்ட அடிப்படை அறிவியல் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்து வருகிறது. ஆய்வுக்கூடங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நச்சுப்பொருளைப் பகுத்தறிய ஆழமான வேதியியல் அறிவு தேவை. எல்லாவற்றிலும் சிறிது சிறிது படித்தவரால் நீதிமன்றக் கூண்டில் குறுக்கு விசாரணையைத் தாங்க முடியாது என்கின்றனர். ஆனால் சம்பவ இடத்தில் வேண்டியது வேறு வகைத் திறன். ரத்தக்கறை படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் அது கெட்டுவிடும். உலர்த்தித் தாள் உறையில் இட வேண்டும். கைப்பற்றிய செல்போனுக்குச் சமிக்ஞை எட்டாதபடி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்தே அதில் உள்ளதை அழித்துவிட முடியும். எந்தப் பொருள், எந்த நேரத்தில், யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற சங்கிலி அறுபடாமல் எழுத வேண்டும். இதைக் கற்றுத் தருவது தொழிற்கல்வி. வேதியியல் முதுநிலையில் இது பாடமாக இருப்பதில்லை.

இந்தப் பயிற்சி இல்லாததால் என்ன நேரும் என்பதை உச்ச நீதிமன்றமே 2014 ஜனவரி 7-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்றில் பதிவு செய்துள்ளது. ஆமதாபாதில் 2003-இல் ஆறு வயதுச் சிறுமி வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. குஜராத் அரசின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் சி.கே. பிரசாத், ஜே.எஸ். கேஹர் ஆகியோர் வேறு வழியின்றி விடுதலையை உறுதி செய்தனர். முக்கிய சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை. மரபணுச் சோதனையை நாடியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், அது செய்யப்படவில்லை. ஒவ்வொரு விடுதலையும் நீதி வழங்கும் அமைப்பின் தோல்வி அல்லது நிரபராதி ஒருவர் தவறாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டதன் அடையாளம் என்ற கருத்தைத் தீர்ப்பு முன்வைத்தது. விடுதலையில் முடியும் வழக்குகளை ஆராய எல்லா மாநில உள்துறைகளும் நிலைக்குழு அமைக்க வேண்டும். அதில் தெரியவரும் தவறுகளையே புலனாய்வு அதிகாரிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்குமான பயிற்சியில் பாடமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தோற்ற வழக்கே பாடப்புத்தகமாக வேண்டும் என்ற அந்த யோசனை, இத்துறையில் வந்தவற்றுள் மிக நடைமுறை சார்ந்தது. ஆனால் அது பணியில் இருப்போருக்கான பயிற்சி. பட்ட வகுப்புகளிலும் அதை வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

இந்தத் துறைக்கு இந்நாட்டில் வரலாறு இல்லாமலும் இல்லை. சென்னையில் 1849-லேயே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் இருந்தது. 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகைப் பிரிவு உலகிலேயே முதலாவது. அதன் வகைப்பாட்டு முறைக்கு உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய உதவி ஆய்வாளர்கள். பல்கலைக்கழகக் கல்வி 1959-இல் மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் வேர்விட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1965-இல் பின்தொடர்ந்தது. சிறைப் பணியாளர்களுக்கென தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் பயிற்சிக் கழகம் 1979 முதல் வேலூரில் இருக்கிறது.

மத்திய அரசு பெரிய அளவில் இறங்கியது 2020-இல்தான். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தையும் ரோகிணி நிறுவனத்தையும் இணைத்து, காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் அமைக்க மசோதா கொண்டுவரப்பட்டது. காவல் பணிக்கான கல்வியை நோக்கமாகக் கொண்ட ராஷ்ட்ரீய ரக்ஷா பல்கலைக்கழக மசோதாவும் கூடவே வந்தது. 2020 செப்டம்பர் 22-இல் மாநிலங்களவை இரண்டையும் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் வெளிநடப்பில் இருந்த அன்று, சில மணி நேரத்தில் அவை நிறைவேற்றிய ஏழு மசோதாக்களில் இவையும் அடக்கம். படித்து வெளியே வருவோரை மாநிலங்கள் எந்த விதியின்கீழ் எடுத்துக்கொள்ளும் என்று கேட்க அன்று எதிர்வரிசையில் ஆள் இல்லை. காவல்துறையும் சிறையும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. பல்கலைக்கழகம் மத்திய உள்துறையின் கீழ். வேலை தர வேண்டியது பெரும்பாலும் மாநிலங்கள். சிக்கலின் முடிச்சு இங்கேதான்.

கோவா, திரிபுரா உள்ளிட்ட இடங்களிலும் இப்போது அதன் வளாகங்கள் உள்ளன. மேலும் வளாகங்கள், மத்திய ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றுக்காக 2,254.43 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. தனியார் கல்லூரிகளும் இப்பட்டத்தை வழங்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. வழக்குச் சொத்தை மாணவர் கையில் கொடுக்க முடியாது என்பதால், மாதிரி அறையில் பொம்மையைக் கிடத்தி நடத்தும் பயிற்சியோடு பலருடைய படிப்பு முடிந்துவிடுகிறது. அரசு ஆய்வுக்கூடங்களில் சில மாதங்கள் பயில இடம் கிடைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தின் காலம் 2028-29 நிதியாண்டுடன் முடிகிறது. 176-ஆவது பிரிவு மாநிலங்களுக்குக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம் 2029-இன் நடுவில் தீர்கிறது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024-இல் பிளஸ் டூ முடித்து, காந்திநகரில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பில் சேர்ந்த மாணவரும் பட்டத்துடன் வெளியே வருவது அதே 2029 கோடையில்தான். அவர் விண்ணப்பிக்கப்போகும் மாநில ஆய்வுக்கூடத்தின் நியமன விதிகளைத் திருத்த அந்த மாநில அரசு ஓர் அரசாணை பிறப்பித்தால் போதும். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை.